மங்கள வார்த்தை

எங்கள் தெருவில் யாராவது குழாயடியில் நின்றுகொண்டு, "நாளைக்கு தாலுகா ஆபீஸ் போவணும்" என்று சொன்னால் போதும். மூன்று வீடு தள்ளி வாசலில் குந்திக் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும் அக்கா, தலையை நிமிர்த்தாமலே கேட்பார்:

"இன்னா மணிக்கு?"

நானும் வருகிறேன் என்பதுதான் அதற்கு அர்த்தம். வரட்டுமா என்று கேட்கமாட்டார். எதற்குப் போகிறாய் என்றும் கேட்கமாட்டார். மறுநாள் காலையில் தலைக்கு எண்ணெய் வைத்து அழுந்த வாரி, இருக்கிற ஒரே தோல் செருப்பைப் போட்டுக்கொண்டு, துணிக்கடைப் பையைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கியபடி தெருமுனையில் நமக்கு முன்னால் நின்றுகொண்டிருப்பார்.

மயிலாப்பூரிலிருந்து மந்தைவெளிக்குப் போகிற வழியில், பறக்கும் ரயில் தூண்களுக்குக் கீழே, கால்வாயை ஒட்டி இருந்தது எங்கள் தெரு. மாநகராட்சிக் குப்பை வண்டியில் போகிறவர்கள், நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவர்கள், பெயின்ட் அடிக்கிறவர்கள் என்று இருந்தோம். எங்களுக்கு எந்த ஆபீஸ் என்றாலும் பயம். நான் படித்தவள், லேப் டெக்னீஷியன். எனக்கும்தான். தெருப் பெயரைச் சொன்ன அடுத்த நொடியில் எதிரே இருப்பவரின் குரல் மாறும். அதுவரை 'நீங்க'வாக இருந்தது 'நீ' ஆகும். அந்த இடத்தில் அக்கா பக்கத்தில் இருந்தால் ஒரு தெம்பு. அவருக்குச் சட்டம் எதுவும் தெரியாது. எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். வாயடிக்கவும் மாட்டார். பக்கத்தில் நிற்பார், விரட்டினால் போகமாட்டார், அவ்வளவுதான்.

ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு ஆயாவாக வேலை பார்த்தார். கல்யாணமாகி ஒரு வருடத்துக்குள் அம்மா வீட்டுக்குத் திரும்பி வந்தவர். ஏன் வந்தார் என்று அவரும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. அம்மாவும் மகளுமாக இருந்தார்கள். அண்ணன் எதிர்வீட்டில்.

தி. நகரில் ஒரு பைக் காணாமல் போனதற்கு என் அண்ணனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அந்தத் தெருவில் ஒரு வீட்டுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தான், அதுதான் அவன் செய்த தப்பு. எங்கே இருக்கிறாய் என்று கேட்டிருக்கிறார்கள், சொல்லியிருக்கிறான். அம்மா வாசலில் விழுந்து அழுதாள். அக்கா நைட் டியூட்டி முடித்து அப்போதுதான் வந்திருந்தார். முகம்கூடக் கழுவவில்லை. அப்படியே ஸ்டேஷனுக்கு வந்தார். நானும் அம்மாவும் அவர் முதுகுக்குப் பின்னால் போனோம்.

இன்ஸ்பெக்டர் கேட்டார், "நீ யாரு, அவன் அம்மாவா?"

"இல்ல சார். பக்கத்து ஊட்டுக்காரி."

"பக்கத்து வீட்டுக்காரிக்கு இங்க என்ன வேலை?"

"வேல ஒண்ணியும் இல்ல சார். சும்மா குந்திகினு கீறேன்."

பெஞ்சில் உட்கார்ந்தார். எழுந்து போ என்றார்கள். சரி சார் என்று எழுந்து நின்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி உட்கார்ந்தார். உள்ளே போகிறவர்களையும் வருகிறவர்களையும் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு போலீஸ்காரர் லத்தியை எடுத்துக்கொண்டு உள்அறைக்குப் போனபோது, "சார், ஒரு வாய் தண்ணி கெடைக்குமா?" என்று கேட்டார். அவர் திரும்பி வந்து தண்ணீர் காட்டினார். அவர் மறுபடி லத்தியோடு உள்ளே திரும்பியபோது அக்கா இன்னொரு தடவை கேட்டார். சாயங்காலம் அந்த பைக்கை அதன் சொந்தக்காரரின் மச்சான்தான் எடுத்துப் போனான் என்று போன் வந்தது. அண்ணனை வெளியே விட்டார்கள். அவன் மேல் ஒரு அடி விழவில்லை. வழியில் அம்மா அக்காவின் கையைப் பிடித்தாள். "வுடு. பசிக்குது, ரெண்டு இட்லி வாங்கு" என்றார் அக்கா.

எங்கள் தெருவில் பாதிப் பேர் இந்து, பாதிப் பேர் கிறிஸ்தவர்கள். ஒரே வீட்டுக்குள்ளேயே அப்படித்தான். அக்காவின் அண்ணன் பெண் எடுத்த இடம் இந்து, அதனால் அவரும் இந்து. ஆடி மாதம் அவர் ஊற்றும் கூழை நாங்களும் குடிப்போம். கிறிஸ்துமஸுக்கு அவர் வீட்டிலும் ஸ்டார் தொங்கும். எங்களுக்குள் இது ஒரு விஷயமே இல்லை. சாதிச் சான்றிதழ் வாங்கப் போனால்தான் விஷயம். அண்ணனுக்கு ஆதிதிராவிடர் என்று கொடுத்தார்கள். அவர் கூடப்பிறந்த எங்கள் அக்காவுக்கு, கிறிஸ்தவர் என்பதால், பிற்படுத்தப்பட்டவர் என்று கொடுத்தார்கள். படிப்பிலும் வேலையிலும் தேர்தலிலும் அண்ணனுக்கு உள்ள ஒதுக்கீடு தங்கைக்குக் கிடையாது.

சரி, மாதா கோயிலிலாவது அந்தச் சாதி போயிற்றா என்றால், அதுவும் இல்லை. எங்கள் பங்குக் கோயிலில் பழைய குடும்பங்கள் உண்டு. பல தலைமுறையாக வாத்தியார்கள், ஆபீசர்கள். நல்ல மனிதர்கள்தான், எங்களைப் பார்த்தால் சிரிப்பார்கள். ஆனால் மாதா திருவிழாவில் தேர் எல்லாத் தெருவுக்கும் போகும், எங்கள் தெருமுனை வரை வந்து திரும்பிவிடும். நாங்கள் மெழுகுவர்த்தியோடு முனைக்குப் போய் நின்று கும்பிடவேண்டும். வருடா வருடம் பங்குக் கூட்டத்தில் அக்கா எழுந்து ஒரே கேள்வியைக் கேட்பார்.

"எங்க தெருவுக்கு ஏன் சார் தேரு வர்ல?"

ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் ஒருவர் இருந்தார், மெதுவான குரல். "ரோடு குறுகல்ம்மா. தேர் திரும்பாது."

"தண்ணி லாரி தெனமும் வந்து திரும்புதே சார்."

ஃபாதர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "அடுத்த வருஷம் பார்ப்போம்" என்பார். அக்கா உட்கார்ந்துவிடுவார். திருவிழா அன்று முதல் ஆளாக மெழுகுவர்த்தியோடு தெருமுனையில் நிற்பதும் அவர்தான்.

"கோயிலாண்ட போனா நாம சேரி. ஆபீஸாண்ட போனா, நீ சேரி இல்ல போன்றான். அப்ப நாம எங்கதான் கீறோம்?" என்று ஒருநாள் என்னிடம் கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அப்போது அது எங்களுக்குச் சிரிக்கக்கூடிய விஷயமாக இருந்தது.

பிறகு எங்கள் வார்டை ஆதிதிராவிடர் பெண்களுக்கு ஒதுக்கினார்கள். அதுவரை கட்சியின் வட்டச் செயலாளர் வீட்டுக்குள்தான் கவுன்சிலர் பதவி சுற்றிக்கொண்டிருந்தது. அவருக்குப் பெரிய பாத்திரக்கடை, கல்யாண மண்டபம், எல்லாம் உண்டு. தெற்கத்திப் பக்கத்திலிருந்து வந்து இங்கே ஊன்றிய குடும்பம். எங்கள் தெருவுக்குள் அவர் செருப்புக் கால் வைத்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அன்று சால்வையோடு வந்தார். அக்கா வீட்டு வாசலிலேயே நின்றார், உள்ளே வரவில்லை, தண்ணீர் கொடுத்தபோது இப்பதான் குடிச்சேன் என்றார்.

"எக்கா, நீங்க நின்னா எதிர்ல நிக்கறவனுக்கு டெபாசிட் போயிடும். உங்களுக்கு எல்லாரும் ஓட்டுப் போடுவாங்க."

"நான் கிறிஸ்டீன் ஆச்சே சார். எனக்கு அந்த சர்ட்டிபிகேட் கெடையாதே."

"அதெல்லாம் ஒரு நாள் வேலைக்கா. ஒரு மண்டபத்துல ஹோமம் பண்ணி, பேரை மாத்தி, கெஜட்ல போட்டுட்டா முடிஞ்சது. நானே ஏற்பாடு பண்றேன்."

அக்கா முடியாது என்று சொல்லிவிட்டார். ஆனால் விஷயம் தெருவுக்குள் பரவிவிட்டது. கால்வாய்க் கரை வீடுகளை அகற்றப்போகிறார்கள் என்ற பேச்சு அந்த நேரத்தில் பலமாக இருந்தது. அதிகாரிகள் வந்து வீடுகளின் சுவரில் சிவப்பில் எண் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். நம்மில் ஒருத்தர் மாநகராட்சிக்குள் இருந்தால் நிறுத்திவிடலாம் என்று எல்லோரும் நம்பினார்கள். ரயில் தூணடியில் கூடிய கூட்டத்தில் அக்காவை நடுவில் உட்கார வைத்துக் கேட்டார்கள். இட்லிக் கடை போட்டிருந்த அம்மா ஒருத்தர் அவர் மோவாயைத் தொட்டார்.

"எங்க எல்லார்கூடவும் எங்கெங்கயோ வந்தியே கண்ணு. இதுக்கும் வா. அஞ்சு வருசம்தானே? சாமி எங்க ஓடிப்போவுது?"

என் அம்மாவும் கேட்டாள். என் அண்ணனும் கேட்டான். அக்கா எல்லோர் முகத்தையும் பார்த்தார். பிறகு கூட்டத்துக்கு வெளியே பைக்கில் சாய்ந்து நின்றிருந்த வட்டச் செயலாளரின் ஆளைப் பார்த்துக் கேட்டார்.

"அந்த ஹோமம் இன்னா மணிக்கு?"

புதுப் பெயர், ஒரு அம்மன் பெயர். நாங்கள் யாரும் அந்தப் பெயரைச் சொல்லி அவரைக் கூப்பிட்டதில்லை, போஸ்டரில்தான் பார்த்தோம். ஃபாதரிடம் அவரே போய்ச் சொன்னார். "உன் மனசு கடவுளுக்குத் தெரியும்மா. ஆனா நீ வெளிப்படையா மறுதலிச்ச பிறகு நான் பூசையில நற்கருணை அப்பம் குடுக்க முடியாது" என்று அவர் சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்வதற்கில்லை.

அக்காவுக்குத் தன் அம்மாவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. அந்தப் பாட்டிக்குக் கண் சரியாகத் தெரியாது. நாள் முழுக்கச் செபமாலை உருட்டிக்கொண்டிருப்பாள். கேட்டு முடித்ததும் எழுந்தாள். பிறகு சுவரைத் தடவிக்கொண்டே போய் ஆணியில் மாட்டியிருந்த மகளின் செபமாலையை எடுத்துத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டாள். அங்கே ஏற்கெனவே அவளுடையது கிடந்தது.

"நீ போயிட்டு வா. ஒன்னுதையும் நானே சொல்லிக்கினு கீறேன்" என்றாள்.

அன்று முதல் அந்த வீட்டில் சாயங்காலச் செபம் இரண்டு முறை கேட்டது. ஒரு சுற்று முடித்து, மாலையை மாற்றிக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்குவாள். அக்கா அடுப்படியில் சத்தம் போடாமல் வேலை செய்துகொண்டிருப்பார்.

வட்டச் செயலாளர் சொன்னபடியே அக்கா ஜெயித்தார். வார்டு ஆபீஸில் பெரிய நாற்காலியில் வட்டச் செயலாளர் உட்கார்ந்தார். பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் அக்கா. நீட்டுகிற இடத்தில் கையெழுத்துப் போடவேண்டும். அதில் அக்காவுக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. ஏனென்றால் பத்து மணிக்குக் கையெழுத்து முடிந்ததும் யாராவது ஒருவரோடு கிளம்பிவிடுவார். சைதாப்பேட்டை கோர்ட்டுக்கு, ரேஷன் ஆபீஸுக்கு, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க. இப்போதும் வரிசையில்தான் நிற்பார். கவுன்சிலர் என்று யாராவது அடையாளம் கண்டு நாற்காலி போட்டால், கூட வந்தவரை அதில் உட்காரச் சொல்வார்.

"கவுன்சிலர் கியூவுல நின்னா கட்சிக்கு என்ன மரியாதை?" என்று வட்டச் செயலாளர் கடிந்துகொண்டார்.

"நிக்கறது நான்தானே சார். கட்சி குந்திகினுதானே கீது" என்றாராம். கிண்டலாகச் சொல்லத் தெரியாதவர் அவர். அதனால் அது இன்னும் உறைத்திருக்கவேண்டும்.

கால்வாய்க் கரையைக் காலி செய்யும் தீர்மானம் மாநகராட்சி மன்றக் கூட்டத்துக்கு வந்தது. பேசவேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். அக்கா எழுந்துவிட்டார். அதை யாரோ போனில் எடுத்துத் தெருவுக்கு அனுப்பினார்கள், நாங்கள் எல்லோரும் சுற்றி நின்று பார்த்தோம். மைக் அவர் வாய்க்கு மேலே இருந்தது, அதை இறக்கத் தெரியாமல் எட்டி எட்டிப் பேசினார்.

"ஐயா, எங்க ஜனங்கதான் இந்த ஊரு குப்பைய அள்றாங்கோ. விடியறதுக்கு முன்னாடி ரோட்டுல இருக்கணும். ஊருக்கு வெளிய கொண்டுபோய் வுட்டா, அந்த நேரத்துக்கு அவங்களுக்கு பஸ்ஸே கெடையாது. பசங்களுக்கு ஸ்கூல் இல்ல. கால்வாய அழுக்காக்கனது நாங்க இல்லீங்க ஐயா. பெரிய பெரிய பில்டிங்கு குழாயெல்லாம் அதுலதான் வுழுது. எங்களத் தூக்கறதுக்கு முன்னாடி ஒரு தபா வந்து பாருங்க. நான் கூட வரேன்."

யாரோ சிரித்தார்கள். நேரம் முடிந்தது என்றார்கள். ஆனாலும் அந்தத் தீர்மானம் அன்று தள்ளிவைக்கப்பட்டது. எங்கள் தெருவில் அன்று பட்டாசு வெடித்தோம்.

அடுத்த மாதமே புகார் வந்தது. அக்கா உண்மையில் கிறிஸ்தவர்தான், பொய்யாக மதம் மாறிச் சான்றிதழ் வாங்கியிருக்கிறார், அதை ரத்து செய்யவேண்டும் என்று. கொடுத்தவர் யாரென்றே எங்களுக்குத் தெரியாது. அவரைக் கலெக்டர் ஆபீஸ் வாசலில் இறக்கிவிட்ட வண்டி யாருடையது என்பது தெரிந்தது. ஹோமத்துக்கு விறகிலிருந்து நெய் வரை வாங்கிக் கொடுத்த அதே கை.

"கோயில் வாசப்படியை மிதிச்சுடாதீங்கம்மா. ஒரு போட்டோ போதும், முடிஞ்சது. சான்றிதழ் போனா பதவி போச்சு. பதவி போனா உங்க தெருவும் போச்சு" என்று எங்கள் வக்கீல் சொன்னார். அன்றிலிருந்து அக்கா கோயில் இருக்கும் ரோட்டையே தவிர்த்துச் சுற்றிக்கொண்டு போனார்.

அப்படி இருக்கும்போதுதான் பாட்டி செத்துப்போனாள்.

அடக்கப் பூசை மதியம் மூன்று மணிக்கு. பெட்டியை எதிர்வீட்டு அண்ணனும் மற்றவர்களும் தூக்கிக்கொண்டு கோயிலுக்குள் போனார்கள். அண்ணன் இந்து, அவர் உள்ளே போவதை யாரும் படம் பிடிக்கவில்லை. அக்கா ரோட்டுக்கு இந்தப் பக்கம், ஒரு ஜெராக்ஸ் கடை வாசலில் நின்றுவிட்டார். நான் அவரோடு நின்றேன். கொஞ்ச தூரத்தில் ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஒருவன் பைக் மேல் உட்கார்ந்து எங்களையே போனில் பிடித்துக்கொண்டிருந்தான்.

"உள்ள போக்கா. பெத்த அம்மா. யாரு இன்னா சொல்லிடுவாங்க?" என்றேன்.

"போலாம். அப்பறம் நம்ம தெருவ ஆரு பாக்கறது?"

"அவனுங்க எப்டியும் தூக்கத்தான் போறானுங்க."

"அத்த சொல்லாத" என்றார்.

உள்ளே பாட்டு ஆரம்பித்தது. லாரிகள் குறுக்கே போகும்போது ஒன்றும் கேட்காது, பிறகு ஒரு வரி கேட்கும். அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. கோயில் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு மட்டும் அசைந்தது.

பூசை முடிந்து கல்லறைக்குப் போனோம். அங்கும் அவர் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டார். நான் உள்ளே போகத் திரும்பியபோது கூப்பிட்டார்.

"பாப்பா, மண்ணு போடுவல்ல, ரெண்டு தபா போடு."

போட்டேன். பெட்டியை மூடுவதற்கு முன் பார்த்திருந்தேன், பாட்டியின் கழுத்தில் இரண்டு மாலையும் இருந்தன.

விசாரணைக்கு ஒருவரைத் துணைக்கு அழைத்து வரலாம் என்றார்கள். நான் போனேன். நீளமான மேஜைக்குப் பின்னால் மூன்று அதிகாரிகள். நடுவில் இருந்தவர் தன்மையான ஆள், அக்காவை உட்காரச் சொன்னார். நிறையக் கேட்டார்கள். எந்தச் சாமி கும்பிடுகிறீர்கள், வீட்டில் என்ன படம் இருக்கிறது, பண்டிகைக்கு என்ன செய்வீர்கள். அக்கா எல்லாவற்றுக்கும் வக்கீல் சொல்லிக் கொடுத்தபடி பதில் சொன்னார். நடுவில் அவரே ஒன்று கேட்டார்.

"சார், நானும் எங்கண்ணனும் ஒரே வயித்துல பொறந்தோம். அவன் ஆதிதிராவிடர்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்கோ. அப்ப நான் ஆரு?"

"மதம் மாறினா அந்தச் சாதி கிடையாதும்மா. சட்டம் அப்படி."

"கெடையாதுன்னா, எங்க கோயில் தேரு ஏன் சார் எங்க தெருவுக்கு மட்டும் வர்ல?"

"அது கோயில் விஷயம்மா. நாங்க அதுல தலையிட முடியாது" என்றார் அதிகாரி. எரிச்சலோடு சொல்லவில்லை. அவருக்கே கொஞ்சம் சங்கடமாக இருந்தது போல் பட்டது.

பிறகு எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு போனை மேஜையில் வைத்தார். ஜெராக்ஸ் கடை வாசல், அக்கா, பக்கத்தில் நான். "உதட்டைப் பாருங்க சார். செபம் பண்றாங்க" என்றார்.

இதற்கும் எங்கள் வக்கீல் பதில் சொல்லிக் கொடுத்திருந்தார். அழுதேன் என்று சொல்லவேண்டும். அம்மா செத்தால் அழுவது எல்லா மதத்துக்கும் பொது, யாரும் குற்றம் சொல்லமுடியாது. நடுவில் இருந்த அதிகாரியே வழி எடுத்துக் கொடுத்தார்.

"அம்மா இறந்த துக்கத்துல அழுதுக்கிட்டு இருந்தீங்க. அப்படித்தானேம்மா?"

அக்கா போனையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னொரு தபா போடுங்க சார்" என்றார். போட்டார்கள். குனிந்து பார்த்தார்.

"அழுவல சார். மங்கள வார்த்தை சொன்னேன்."

அது மாதா செபம். எங்கள் வீடுகளில் குழந்தைகளுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது. அதிகாரிக்குப் புரியவில்லை, பக்கத்தில் இருந்தவர் குனிந்து சொன்னார். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"யோசிச்சுச் சொல்லுங்கம்மா."

"யோசிச்சுட்டேன் சார்."

எங்கள் வக்கீல் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

சான்றிதழ் ரத்தானது, பதவியும் போனது. இடைத்தேர்தலில் வட்டச் செயலாளர் அக்காவின் அண்ணியை நிறுத்தினார். அண்ணிக்குச் சான்றிதழில் ஒரு பிரச்சினையும் இல்லை. அவரும் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார், மன்றக் கூட்டத்தில் எழுந்திருக்கவில்லை. மழைக்காலத்துக்கு முன்பே ஜேசிபி வந்தது. அண்ணி வீடும்தான் போனது. அவருக்கு வேறு இடத்தில் வாடகைக்கு வீடு பார்த்துக் கொடுத்தார்கள். எங்களை லாரிகளில் ஏற்றி, கம்பெனிக் கட்டடங்களையெல்லாம் தாண்டி, ஊருக்கு வெளியே அடுக்குமாடி பிளாக்குகளில் கொண்டுவந்து விட்டார்கள்.

அங்கே யாரும் அக்காவோடு பேசவில்லை. "ஒரு பொய் சொல்ல வாய் வலிச்சுதா அவளுக்கு? முன்ன ஹோமத்துல குந்தனப்ப மட்டும் வலிக்கலியா?" என்று இட்லிக்கார அம்மா மாடிப்படியில் நின்று சத்தமாகக் கேட்டார். என் அம்மா கதவைச் சாத்திக்கொண்டாள். காலை டியூட்டிக்கு அங்கிருந்து வந்து சேரமுடியாமல் அக்காவின் ஆஸ்பத்திரி வேலை போயிற்று. ஆபீஸுக்குப் போகிறவர்கள் அவர் காதில் விழாமல் பேசிக்கொண்டார்கள். தனியாகப் போனார்கள், திட்டு வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார்கள்.

எனக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்தபோது அவரிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். நான் அவரைப் பார்த்தது அதுதான் கடைசி. அடுத்த வருடம் தூக்கத்திலேயே போய்விட்டதாக அம்மா போனில் சொன்னாள்.

அன்று அவர் வீட்டில் சாமி படம் எதுவும் இல்லை. பால்கனி என்று சொல்லப்பட்ட இடத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். இப்போது யார் படம் பிடிக்கப் போகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகலாமே என்றேன். போகலாம் என்றார். போகவில்லை என்பது தெரிந்தது. எனக்கு மனசில் இருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"அன்னிக்கு அழுதேன்னு சொல்லியிருந்தா இன்னாக்கா? எல்லாம் நம்ம தெருவுக்காவத்தானே செஞ்ச? அது ஒண்ணையும் செஞ்சிருக்கலாமே."

கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கையிலிருந்த பூண்டைத் தட்டில் போட்டுவிட்டு, எதிர் பிளாக்கின் துணிக்கொடிகளைப் பார்த்தபடி சொன்னார்.

"என் பேரக் கேட்டீங்க, குடுத்தேன். சாமியக் கேட்டீங்க, குடுத்தேன். அதெல்லாம் என்னுது பாப்பா, நான் குடுக்கலாம். அந்த செபம் எங்கம்மாளுது. அவளுக்குன்னு சொல்லி அனுப்சது. அத்தப் போயி நான் எப்டி எடுத்துக் குடுப்பேன்?"